மார்கழியில் நின்ற ஓவர்க்ளாக் பங்குனியில் விழுகிறது: ரைசன் 5600எக்ஸ், டிடிஆர்4 3800

மார்க்கர் அறை (திருப்பூர்)
ஏப்ரல் 6, இரவு 10:12

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மார்க்கர் போடும் வேலை பார்க்கிறேன். துணியின் அகலத்துக்குள் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டி ஆகியவற்றைச் சேதாரம் குறையும்படி அடுக்கித் தரும் நெஸ்டிங் மென்பொருள்தான் எனக்குச் சோறு போடுகிறது. நேரம் கொடுக்கக் கொடுக்க அது இன்னும் நெருக்கமான அடுக்கைத் தேடிக்கொண்டே இருக்கும்; கணினியின் வேகம் கூடினால் அதே நேரத்தில் கூடுதலாகத் தேடும். ஒரு மார்க்கரில் அரை சதவீதத் துணி மிஞ்சினாலும், ஆயிரக்கணக்கான பீஸ் வெட்டும் ஆர்டரில் அது பெரிய தொகை என்பதால், டிசம்பரில் கணினியை ஓவர்க்ளாக் செய்தேன், அதாவது ஆலை வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைத்தேன்.

செயலி ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ், ஆறு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) கொண்டது. போர்டு பி550. ரேம் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. எக்ஸ்எம்பி (ரேம் தயாரிப்பாளரே எழுதிவைத்த வேக அமைப்பு) கணக்கில் 3600, சிஎல்18 (ரேம் பதில் தரும் தாமதம்), 1.35 வோல்ட். ஒற்றை விசிறி டவர் கூலர், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). பயாஸில் பிபிஓவை (செயலியின் மின்வரம்பைத் தளர்த்தும் அமைப்பு) திறந்து உச்ச வேகத்துக்கு +200 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தேன். கர்வ் ஆப்டிமைசரை (கோர்களின் மின்னழுத்தத்தை மாற்றும் அமைப்பு) எல்லாக் கோர்களுக்கும் -30 என வைத்தேன். ரேமை 3800, சிஎல்16 ஆக்கி, ஃபேப்ரிக்கை (ரேமுக்கும் கோர்களுக்கும் இடையிலான பாதை) 1900க்கு ஏற்றி, 1.42 வோல்ட் கொடுத்தேன். டிஆர்எஃப்சி (ரேமைப் புதுப்பிக்க ஒதுக்கும் நேரம்) 500. சோதனை மென்பொருள்களில் சினிபெஞ்ச் பத்து முறை ஓடியது; பிரைம்95 ஒரு மணி நேரம் ஓடியது. தை, மாசி முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை.

பங்குனி பிறந்ததிலிருந்து மூன்று தொல்லைகள். இரவில் வேலை ஏதும் ஓடாமல் சும்மா இருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரைகூட வருவதில்லை. மதியத்தில் நெஸ்டிங் மென்பொருள் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. சென்ற வாரம் கட்டிங் மாஸ்டருக்கு அனுப்பிய ஜிப் கோப்பு அவரிடம் திறக்கும்போது சிஆர்சி பிழை (உள்ளே இருப்பது மாறிவிட்டது என்று காட்டும் சரிபார்ப்புப் பிழை) காட்டியது. என் கணினியில் இருந்த நகலும் அதே பிழையைக் காட்டியது. கணினி வாங்கிய கடையில் முதலில் விண்டோஸை மாற்றிப் போடச் சொன்னார்கள், போட்டேன். இப்போது எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்குவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)
ஏப்ரல் 6, இரவு 10:40

என்னிடமும் இதே செயலிதான். எல்லாக் கோர்களும் -30, ரேம் 3800. ஒரு வருடமாக இரவெல்லாம் விளையாடுகிறேன், ஒரு முறைகூட விழுந்ததில்லை. ரேமுக்கு 1.45 கொடுங்கள், எஸ்ஓசி மின்னழுத்தத்தை (செயலிக்குள் ரேமை ஆளும் பகுதிக்குப் போவது) 1.25க்கு ஏற்றுங்கள், முடிந்தது வேலை. விளையாட்டில் விழாத கணினி நிலையான கணினிதான் என்பது என் கருத்து.

பீளமேடு லேத் (கோவை)
ஏப்ரல் 6, இரவு 11:35

திருப்பூர்த் தம்பிக்கு. நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவது ஒரு நோய், வேலைக்கு நடுவே மென்பொருள் மூடிக்கொள்வது இன்னொன்று, ஜிப் கெட்டுப்போவது வேறொன்று. மூன்றுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அப்படி எண்ணிக்கொண்டு இறங்கினால், ஒன்று அடங்கியதும் மற்றதும் அடங்கிவிட்டதாக நம்பிக் கையைக் கழுவிவிடுவோம்.

முதல் நோயைப் பற்றி இப்போதே சொல்ல முடியும். இன்ன வேகத்துக்கு இவ்வளவு மின்னழுத்தம் என்று ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஆலையிலேயே ஒரு கோடு எழுதப்பட்டிருக்கிறது. கர்வ் ஆப்டிமைசரில் எதிர்மறை எண் கொடுத்தால் அந்தக் கோடு கீழே இறங்குகிறது. ஒரு படிக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் என்றால், -30க்கு 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை குறைத்திருக்கிறீர்கள். பிரைம்95 ஓடும்போது ஆறு கோர்களும் சேர்ந்து இழுப்பதால், மின்வரம்பும் வெப்பமும் குறுக்கே நின்று வேகத்தை உச்சிக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அங்கே குறைந்த மின்னழுத்தம் போதுமானதாக இருந்துவிடுகிறது. நள்ளிரவில் விண்டோஸ் ஏதோ ஒரு சில்லறை வேலைக்காக ஒற்றைக் கோரை எழுப்பும்போதோ, தடுக்க யாரும் இல்லாததால் அது ஒரே தாவாக 4.85 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. விழுவது அந்த உச்சியில்தான். லேத்தில் கனமாக வெட்டும்போது வராத அதிர்வு, ஃபினிஷிங் கட்டுக்கு வேகத்தை ஏற்றும்போது வருவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் ஏறக்குறைய அந்த இனம்தான்.

ஆகவே பிரைம்95 ஒரு மணி நேரம் ஓடியது என்பது பொய்ச் சான்று இல்லை; வேறொரு கேள்விக்கான சான்று. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் வீயா-லாகர் என்ற பெயரில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எண் 18 எத்தனை, எண் 19 எத்தனை, 18இல் ஏபிக் ஐடி (பிழை எந்தக் கோரில் என்று காட்டும் எண்) என்ன என்று எழுதுங்கள். அதுவரை எஸ்எம்பிஎஸ் வாங்க வேண்டாம்.

மார்க்கர் அறை (திருப்பூர்)
ஏப்ரல் 7, காலை 7:50

பார்த்தேன் அண்ணா. எண் 18 மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் கேச் ஹையரார்க்கி எரர் என்று இருக்கிறது. ஏபிக் ஐடி ஆறில் 4, மூன்றில் 5, இரண்டில் 10. எண் 19 கணக்கில்லாமல் இருக்கிறது. நேற்று ஒரு நாளில் மட்டும் நாற்பதுக்கு மேல். அதில் பஸ்/இன்டர்கனெக்ட் எரர் என்று எழுதியிருக்கிறது.

பீளமேடு லேத் (கோவை)
ஏப்ரல் 7, காலை 8:30

நல்லது, கணினி தன் வாயாலேயே சொல்லிவிட்டது. உங்கள் செயலியில் ஒரு கோருக்கு இரண்டு இழைகள் (த்ரெட்) என்பதால் ஏபிக் ஐடியை இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 4, 5 இரண்டும் கோர் 2, 10 என்பது கோர் 5. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரக் குறி போட்ட கோர்கள் எவை என்று பாருங்கள். இவ்விரண்டும் அவற்றில் இருந்தால் வியப்பில்லை. சிறந்த கோர் என்றால் ஆலையிலேயே குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும்படி கோடு எழுதப்பட்ட கோர். ஏற்கெனவே இறுக்கித் தைத்த சட்டையில் இன்னும் பிடிக்க இடம் ஏது? பலரும் சிறந்த கோருக்குத்தான் அதிகம் குறைக்கலாம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு.

எண் 19 வேறு சமாச்சாரம். அது திருத்தப்பட்ட பிழை, கணினியை விழவைக்காது. ரேமுக்கும் கோர்களுக்கும் இடையே ஓடும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1900இல் தடுமாறுகிறது, தடுமாறியதைத் தானே சரிசெய்துகொள்கிறது என்று பொருள். சரிசெய்வதற்கும் நேரம் பிடிக்கும் என்பதால், பிழையோடு ஓடும் 3800, பிழையில்லாத 3600ஐவிட மெதுவாக இருந்துவிடவும் கூடும். ஃபேப்ரிக்கும் ரேமும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஓட வேண்டும்; 3600க்கு 1800. 1800ஐ ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் தாங்கும். 1900 தாங்குவது அவரவர் யோகம்.

பொள்ளாச்சித் தம்பி எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.25க்கு ஏற்றச் சொல்கிறார். இந்தத் தலைமுறைக்கு 1.1 அளவு போதும், 1.2க்கு மேலே போகும் காரணம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. 2023இல் ரைசன் 7000 வரிசையில் சில செயலிகள் சாக்கெட்டோடு கருகிய பிறகு, ஏஎம்டியே எஸ்ஓசியை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது. அது வேறு சாக்கெட், வேறு செயலிதான். என்றாலும், பிழை வந்தால் மின்னழுத்தத்தை ஏற்று என்ற பழைய மந்திரம் எல்லா இடத்திலும் பலிக்காது என்பதற்குச் சொல்கிறேன். நானும் 1998இல் செலரான் 300ஏவை 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸிலிருந்து 100க்கு மாற்றி 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவன்தான். ஒரே மாற்றத்தில் பாதி வேகம் கூடுதலாகக் கிடைத்த காலம் அது. இன்று ஆலைக்காரர்களே கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டு அனுப்புகிறார்கள். நாம் விளிம்பைத் தடவிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

கரூர்க் கணக்கு
ஏப்ரல் 7, மதியம் 1:15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் கணக்கு எழுதுகிறவள், கணினியில் விளையாடுகிறவள் அல்ல. இத்தனை பாடுபட்டு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று யாராவது அளந்து பார்த்தீர்களா? சிப்பில் செலவாகும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் பெருகும் என்று கல்லூரியில் படித்த நினைவு. 4.2 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் போதுமாக இருந்த ஒன்றை 4.6க்கு ஏற்றி 1.35 வோல்ட் கொடுத்தால், வேகம் பத்து சதவீதம்கூடக் கூடாது. வெப்பமோ நாற்பது சதவீதத்தை நெருங்குகிறது. இதே கணக்கை நூல் கொள்முதலில் காட்டினால் முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

மார்க்கர் அறை (திருப்பூர்)
ஏப்ரல் 7, இரவு 9:05

அக்கா கேட்டதற்காகவே இன்று அளந்தேன். ஒரே ஸ்டைல், ஒரே அகலம், ஒரே பீஸ் எண்ணிக்கை. பயாஸை முழுதும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து எக்ஸ்எம்பி மட்டும் வைத்தபோது, நான் எதிர்பார்க்கும் அடுக்கை எட்ட 53 நிமிடம் ஆனது. ஓவர்க்ளாக்கில் 48. ஐந்து நிமிடம்தானா என்று தோன்றலாம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து மார்க்கர் போடுகிறேன். ஆனால் ஒரு முறை நடுவில் மூடிக்கொண்டால் அந்த நாள் லாபம் முழுதும் போய்விடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஈரோட்டு வெயில்
ஏப்ரல் 7, இரவு 10:20

நான் ஈரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். தலைப்பிலேயே விடை இருக்கிறது. கூலர் என்பது குளிர்சாதனம் அல்ல. அறையின் வெப்பத்தைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் அதனால் செயலியை வைத்திருக்க முடியும். மார்கழியில் உங்கள் அறை 24 டிகிரி, பங்குனி மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே 38 என்றால், அந்தப் பதினான்கு டிகிரியும் அப்படியே செயலியின் தலையில் ஏறும். கோவைக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் தயவு காட்டும். எங்களுக்கும் கரூருக்கும் அந்தத் தயவு கிடையாது.

ரேமின் கதை இதைவிட நுட்பமானது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்ன மின்தேக்கியில் நிற்கிறது; அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். டிடிஆர்4 இந்த வேலையை 8192 பங்காகப் பிரித்து 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு பங்கு செய்கிறது. சூடு ஏற ஏறக் கசிவும் வேகமெடுக்கும் என்பதால்தான், 85 டிகிரிக்கு மேலே இரட்டிப்பு வேகத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. டிஆர்எஃப்சி என்பது ஒவ்வொரு பங்கைப் புதுப்பிக்கவும் ஒதுக்கும் நேரம். 8 கிகாபிட் சிப்புக்கு விதிமுறை கேட்பது 350 நானோ விநாடி; நீங்கள் வைத்த 500, 3800 வேகத்தில் 263 நானோ விநாடிதான். அந்த எண் எங்கிருந்து கிடைத்தது?

மார்க்கர் அறை (திருப்பூர்)
ஏப்ரல் 7, இரவு 10:31

ஒரு வீடியோவிலிருந்து எடுத்தேன் அண்ணா. அவர் இன்னும் குறைவாக வைத்திருந்தார். நான் பயந்துகொண்டு கொஞ்சம் கூட்டித்தான் வைத்தேன்.

ஈரோட்டு வெயில்
ஏப்ரல் 7, இரவு 10:48

அவரிடம் இருந்தது சாம்சங் பி-டை ரக ரேம் சிப்பாக இருக்கும். அது டிஆர்எஃப்சியை மற்றவற்றைவிட வெகுவாகக் குறைக்க இடம் கொடுக்கும், 1.45 வோல்ட்டும் தாங்கும். சிஎல்18 என்று 3600க்கு விற்கும் ஸ்டிக்கில் பெரும்பாலும் ஹைனிக்ஸோ மைக்ரானோ இருக்கும். ஒரே பெட்டி, ஒரே பெயர், உள்ளே வேறு சிப். தைஃபூன் பர்னர் என்ற மென்பொருளில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இன்னொருவர் எண்ணை எடுத்துப் போடுவது, இன்னொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் போன்றது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கணினியின் பக்கவாட்டு மூடியைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? பனியன் கம்பெனி என்கிறீர்கள்.

பல்லடம் தறி
ஏப்ரல் 8, காலை 6:40

எல்லாரும் மின்சாரத்தை மறந்துவிட்டீர்கள். கட்டிடத்தில் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது விளக்கு மங்குகிறதா என்று பாருங்கள். எங்கள் தறிக்கூடத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆனதற்கு அதுதான் காரணம். கடைக்காரர் சொன்ன எஸ்எம்பிஎஸ் கணக்கும் தவறாக இருக்க வேண்டியதில்லை.

பீளமேடு லேத் (கோவை)
ஏப்ரல் 8, காலை 9:10

பல்லடத்து நண்பர் சொல்வது நடக்கக்கூடியதே. நான் அதை இரண்டாம் வரிசையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்றைய எஸ்எம்பிஎஸ் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும். 230 கொஞ்ச நேரம் 190க்கு இறங்கினால் உள்ளே வரும் 12 வோல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் முழுதுமாகப் போனால்கூட அதிலுள்ள பெரிய மின்தேக்கி சுமார் 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது விதிமுறை. அதற்கு மேல் போனால் கணினி அணைந்துவிடும். அப்படி அணைவது வெட்டிப்போட்டதுபோல் இருக்கும். செயலியின் எந்தக் கோரில் பிழை என்று எழுதிவைக்க அங்கே யாருக்கும் அவகாசம் இருக்காது. இந்தத் தம்பியிடம் பதினொரு பதிவுகள், அதுவும் இரண்டே கோர்களைச் சுட்டிக்காட்டி. மின்சாரத்துக்கு எந்தக் கோர் என்று தேர்ந்தெடுத்து அடிக்கத் தெரியாது.

ஆனால் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் வடிகட்டியிலுள்ள மின்தேக்கிகள் வழியாக, எர்த் இல்லாத கேபினெட்டில் பாதி மின்னழுத்தம் வந்து நிற்கும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும்; கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றியவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? இது ஓவர்க்ளாக்குக்காகச் சொல்வதல்ல, கையை வைக்கும் ஆளுக்காக.

இனி வேலைக்கு வருவோம். ஒரே நேரத்தில் இரண்டு எண்களை மாற்றக் கூடாது என்பதுதான் முழு வித்தையும். முதலில் செயலியை ஆலை நிலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ரேமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து ஓட்டுங்கள். விண்டோஸுக்குள் வைத்து முதலிலேயே ஓட்டினால், ரேம் தவறாக இருக்கும் பட்சத்தில் அது டிஸ்கில் எழுதும் ஒவ்வொன்றையும் கெடுத்துவிட வாய்ப்பு உண்டு. ரேமைச் சோதிக்கப் போய் விண்டோஸை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேறிய பிறகுதான் விண்டோஸில் டெஸ்ட்மெம்5, அதற்குப் பிறகு ஒய்-க்ரஞ்சர். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். பத்து மணி நேரத்தில் ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அந்த ஒன்று எந்தக் கோப்பின் எந்த மூலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாது.

ரேமுக்கு மின்னழுத்தம் 1.38 போதும். 3600இல் சிஎல்16 கிடைத்தால் தாமதம் 8.9 நானோ விநாடி. நீங்கள் துரத்திய 3800 சிஎல்16இல் 8.4, எக்ஸ்எம்பி நிலையில் 10. எக்ஸ்எம்பியிலிருந்து வந்த லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாதுகாப்பான இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. மீதி அரை நானோ விநாடிக்காகத்தான் இவ்வளவு தலைவலியும்.

ரேம் தேறிய பிறகு அதை எக்ஸ்எம்பிக்குத் திருப்பிவிட்டுக் கோர்களுக்கு வாருங்கள். கோர்சைக்ளர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பிரைம்95ஐ ஒரு நேரத்தில் ஒரே கோரில் மட்டும் ஓட்டி, எந்தக் கோர் தவறியது என்று சொல்லிவிடும். அதன் இயல்பு அமைப்பிலுள்ள எஸ்எஸ்இ என்ற லேசான சுமை முறையை மாற்ற வேண்டாம். சுமை லேசாக இருந்தால்தான் கோர் உச்ச வேகத்துக்குப் போகும், போனால்தான் விழும். இரவு முழுக்க விடுங்கள். இரண்டும் தனித்தனியே தேறிய பிறகு இரண்டையும் சேர்த்து, மதியம் இரண்டு மணிக்கு, அறையின் விசிறியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். காலையில் ஆறிய கணினியை முதல் முறை எழுப்பும்போது ரேம் டிரெய்னிங்கில் (தொடங்கும்போது ரேமைச் சரிப்படுத்திக்கொள்ளும் படி) தடுமாறுகிறதா என்பதையும் ஒரு வாரம் கவனியுங்கள்.

மார்க்கர் அறை (திருப்பூர்)
ஏப்ரல் 10, இரவு 8:45

ஈரோட்டு அண்ணா கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. மூடியைக் கழற்றியது வாங்கிய பிறகு இதுதான் முதல் முறை. கூலரின் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து படிந்து, தூசியாக இல்லாமல் கம்பளித் துண்டாகவே ஆகியிருந்தது. விசிறியைக் கழற்றியதும் அது தகடுகளின் கோடு பதிந்த அச்சோடு ஒரே துண்டாக உரிந்து வந்தது. சாம்பல் நிறத்தில், ஓரத்தில் சிவப்பு, நீல நூலிழைகள். எந்த ஆர்டரின் நூல் என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. சுத்தம் செய்துவிட்டு அதே சோதனையை ஓட்டியதில் 89 டிகிரி 78க்கு இறங்கியது.

கேபினெட் அடிப்பது உண்மைதான். ப்ளக் பாயின்ட்டில் எர்த் கம்பி மாட்டப்படவே இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிவிட்டார். அதற்கும் ரீஸ்டார்ட்டுக்கும் தொடர்பில்லை. சுத்தம் செய்து எர்த் கொடுத்த பிறகும், பழைய செட்டிங்கில் அன்றிரவே ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனது. பதிவு எண் 18, ஏபிக் ஐடி 4.

கோர்சைக்ளரில் -30இல் கோர் 2 நான்கு நிமிடத்தில் விழுந்தது. -20இல் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது. -12இல் இரவு முழுக்க ஓடியது. கோர் 5, -18இல் நின்றது. நட்சத்திரம் இவ்விரண்டுக்கும்தான் போட்டிருந்தது. மற்ற நான்கும் -30இலேயே தேறின. இருந்தாலும் -25க்குத் தளர்த்தி வைத்திருக்கிறேன். கோர் 2ஐ -10இலும் கோர் 5ஐ -15இலும் நிறுத்திவிட்டேன்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)
ஏப்ரல் 11, காலை 11:20

சும்மா இருக்க முடியாமல் நானும் கோர்சைக்ளரை ஓட்டிப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே இரண்டு கோர்கள் விழுந்தன. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அதே சமயம் செட்டிங்கை மாற்றப் போவதும் இல்லை. என் கணினியில் கெட்டுப்போனால் ஒரு விளையாட்டுச் சேமிப்புதான் போகும். பனியன் அறையின் கணக்கு வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

பீளமேடு லேத் (கோவை)
ஏப்ரல் 11, மதியம் 12:05

இதில் தவறேதும் இல்லை. தெரிந்து எடுக்கும் முடிவு அது. உங்கள் கணினியில் யாராவது வருமான வரிக் கணக்கு எழுத உட்காராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்க்கர் அறை (திருப்பூர்)
ஏப்ரல் 15, இரவு 9:30

சித்திரை விடுமுறையில் இரண்டு நாள் இதற்கே செலவழித்தேன். ரேமில் இருப்பது ஹைனிக்ஸ் சிஜேஆர் ரக சிப். 3800, டிஆர்எஃப்சி 500 என்ற பழைய அமைப்பைக் காலை ஆறு மணிக்கு ஓட்டியபோது டெஸ்ட்மெம்5 ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தது. அதே அமைப்பை மதியம் இரண்டரைக்கு, கதவைச் சாத்தி அறையின் விசிறியை அணைத்து ஓட்டினேன். ரேம் சென்சார் 52 டிகிரியைத் தாண்டியதும் முதல் பிழை, முடிவதற்குள் ஏழு. டிசம்பரில் நான் செய்த சோதனை எல்லாம் காலையில் செய்தவை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது 3600, ஃபேப்ரிக் 1800, ரேமின் தாமத எண்கள் 16-20-20-38, டிஆர்எஃப்சி 540, 1.38 வோல்ட். மதியத்தில் நான்கு மணி நேரம் டெஸ்ட்மெம்5, இரண்டு மணி நேரம் ஒய்-க்ரஞ்சர், பிழை இல்லை. ஐந்து நாளாக எண் 18 இல்லை. ஃபேப்ரிக்கை இறக்கிய நாளிலிருந்து எண் 19ம் இல்லை. அதே மார்க்கர் 49 நிமிடத்தில் முடிகிறது. விழுந்துகொண்டிருந்த 48க்கும் விழாத 49க்கும் இடையே ஒரு நிமிடம்தான் வித்தியாசம் அக்கா.

ஈரோட்டு வெயில்
ஏப்ரல் 15, இரவு 10:00

540 சரியான இடம். 300 நானோ விநாடி; விதிமுறையின் 350க்குக் கீழேதான், ஆனால் மதியச் சோதனையில் தேறிவிட்டது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் மதியச் சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். விசிறிக்கு முன்னால் நைலான் வலை ஒன்று மாட்டி, வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். பயாஸ் எண்களைத் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அந்த எண்களைக் காத்துவைக்கும் சிமாஸ் பேட்டரி தீரும் நாளில் நன்றி சொல்வீர்கள்.

கரூர்க் கணக்கு
ஏப்ரல் 15, இரவு 10:25

49 நிமிடக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்த ஜிப் கோப்பு கட்டிங் மாஸ்டர் திறந்ததால் தெரிந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து ரேம் தவறாக ஓடியிருக்கிறது என்றால், அந்த ஒரு மாதத்தில் நீங்கள் சேமித்த மற்றக் கோப்புகளை யார் திறந்து பார்த்தார்கள்?

மார்க்கர் அறை (திருப்பூர்)
ஏப்ரல் 17, காலை 7:15

அக்கா சொன்ன பிறகு இரண்டு இரவும் அந்த வேலைதான். மார்ச் நடுவிலிருந்து உண்டாக்கிய ஜிப் மொத்தம் 61. எல்லாவற்றையும் டெஸ்ட் செய்தேன். கட்டிங் மாஸ்டர் காட்டியதைத் தவிர இன்னும் இரண்டு கெட்டிருந்தன. ஒன்றின் மூலக்கோப்பு நன்றாக இருந்ததால் மறுபடி கட்டிவிட்டேன். மற்றதில் மூலக்கோப்பே திறக்கவில்லை. அது மே மாதம் வெட்ட வேண்டிய ரிப்பீட் ஆர்டர். பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து, எக்ஸ்எல் சைஸின் பாகங்களை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜிப்பில் போடாமல் தனியாகக் கிடக்கும் கோப்புகளுக்கு சிஆர்சி கிடையாது என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்க்கிறேன். இன்னும் 140 இருக்கின்றன.